டிரையரும் அண்ணனின் சைக்கிளும்

செண்டாயானில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் நிற்கும், துணி காயவைக்கும் டிரையர் போன மாதம் திடீரென்று தடக் தடக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. யாருடைய சட்டைப் பையிலோ சில்லறை கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். எல்லாவற்றையும் உதறிப் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை. உள்ளே இருக்கும் டிரம் ஒரு சுற்று முடிக்கும் போதெல்லாம், கோபித்துக்கொண்டு போகிறவர் கதவை அறைந்து சாத்துவதுபோல ஓர் அடி. மருமகளுக்குத் தலைவலியே வந்துவிட்டது. வேறு வாங்கிவிடலாம், இதற்கு வயதாகிவிட்டது என்றாள். வயதானதை எல்லாம் தூக்கிப் போடுவதென்றால் இந்த வீட்டிலிருந்து முதலில் போக வேண்டியது நான்தான் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது என் மகனுக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, டிரையரைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முதுகுத் தகட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான்.

அந்த டிரையரை வாங்கியது என் நாத்தனார். என் கணவரின் அக்கா. பேரனுக்குக் குழந்தை பிறந்தபோது, ரஹாங்கில் இருந்த அவர், கடைக்காரர்களின் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து அதை இங்கே இறக்கினார். இந்த நாட்டில் வெயிலுக்கு என்ன பஞ்சம், இது எதற்கு என்று நான் கேட்டேன். அவர் மெஷினுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வட்டக் கண்ணாடிக்குள் குழந்தையின் துணிகள் ஏறி ஏறி விழுவதை டி.வி. பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றதும் ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம டிரம்மு இதவிட சத்தம் கம்மி புள்ள" என்றார். எந்த டிரம் என்று மருமகள் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோமே தவிர, சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. சொல்வதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நான் கல்யாணமாகி அங்கே போனபோது வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டுகிற நாங்கள். காட்டோரமாகச் சிதறிக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்து, எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாசல். பொழுது சாய்ந்தால் அதையும் பூட்டிவிடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளவே விடவில்லை. பொதுச் சமையலறையில் ஆக்கி, சோறாகத்தான் பங்கு கொடுத்தார்கள். அந்தச் சோற்றையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசல் திறந்ததும் மரம் வெட்டப் போகிறவர்கள், பால் எடுத்துத் திரும்பி வரும்வரை பட்டினி. இந்த விதியைப் போட்டவர்கள் ஒரே ஒரு நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மலையில் ஏறி இறங்கியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நாத்தனாரும் அவர் கணவரும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கணவர் எனக்கு அண்ணன் முறை, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பசி தாங்காத மனிதர். பசிக்கு அடுத்து அவருக்குப் பெரிது, அவருடைய சைக்கிள். துடைத்துத் துடைத்தே அதைப் பாதியாகத் தேய்த்துவிட்டார் என்று நாத்தனார் கேலி செய்வார். மரத்தடியில் ஒரு வாய் சோறு உள்ளே போகாவிட்டால் அண்ணனுக்குக் கை ஓடாது. அதனால் நாத்தனார் ஒரு நாள் தன் பங்குச் சோற்றில் உப்பும் மிளகாயும் வைத்துப் பிசைந்து, உருண்டையாக்கி, வாழையிலையில் சுற்றி, சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளுக்கு நடுவே செருகி அனுப்பினார். பல வீடுகளில் இது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆண்கள் தலைப்பாகையிலும் பெண்கள் மடியிலும் சொந்த வயிற்றுக்கே சோறு கடத்தினார்கள். அன்றைக்கு வாசலில் சோதனை போட்டவன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டான். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோவதாகச் சந்தேகப்பட்டு அண்ணனை லாரியில் ஏற்றிப் போனார்கள். பிறகு, ஏதோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார் என்று மட்டும் தகவல் வந்தது. எப்போது விடுவார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. வாசலில் கிடந்த சைக்கிளை நாத்தனார்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் அழுது புரண்டிருந்தால் எங்களுக்குச் சமாதானம் செய்யத் தெரிந்திருக்கும். அவர் அழவில்லை. சைக்கிளை அடுப்படிக் குசினிச் சுவரில் சாய்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து எண்ணெய் விட்டார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. என் கணவர் ஒரு தடவை டயருக்குக் காற்றடிக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கணவன் இல்லாத நேரத்தில் அவன் பொருளைக் கலைத்தால், அவன் வரமாட்டான் என்று நாமே முடிவுகட்டியதுபோல ஆகிவிடும் என்பது லயத்துப் பெண்களின் நம்பிக்கை. நாத்தனாரும் அதைத்தான் நம்பினார். ஒரு நாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்த உருண்டைய நான்தானே புள்ள கட்டிக் குடுத்தேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் மகன் பிறந்தான். அதற்கு முந்தின மழையில் எனக்கு ஒரு பெண் பிறந்து, பேர் வைப்பதற்கு முன்னாலேயே நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். ஒரே வரியில் எழுதிவிட்டேன், அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அதனால் இவன் ஒரு தும்மல் போட்டாலும் எனக்கு உயிர் போய் வந்தது. அந்த மலைத் தோட்டத்து மழை இன்றைக்கு இருப்பவர்களுக்குப் புரியாது. வெயில் என்ற ஒன்று இருந்ததையே மறக்கடிக்கும் மழை. குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டிருந்தோம். அவன் நனைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தான். துவைத்தது எதுவும் காயவில்லை. மழை விட்ட இடைவெளியில் வேலிக் கம்பியில் விரித்தால், வெளியே பார்க்க முடியாமல் மறைக்கிறது என்று காவல்காரர்கள் தடியால் தள்ளிவிட்டார்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டலாம் என்றால் விறகு இல்லை. வேலிக்கு வெளியே போய் விறகு பொறுக்க நினைத்தபோதெல்லாம் விடமாட்டார்கள், கிடைத்த விறகும் ஈரம்.

ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைவீட்டில் போட்டால் ஒரு நொடியில் காய்ந்துவிடும் என்று அடுத்த வீட்டுக்காரி யோசனை சொன்னாள். போட்டோம். காயத்தான் செய்தது. வெள்ளை வேட்டித் துணி தேன் நிறமாகி, பிள்ளையின் மேலெல்லாம் ரப்பர் புகை நாற்றம். கண்ணில் நீர் வழிய அவன் தும்மிக்கொண்டே இருந்தான். நாத்தனார் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு, "மூணாம் நம்பர் ஷீட்டு மாரி இருக்கான். ஸ்டோர்க்காரன் பாத்தா கட்டி லாரில ஏத்திருவான்" என்றார். நிறம் கெட்ட மட்ட ரக ரப்பருக்குத்தான் அந்த நம்பர், எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். ஈரத் துணி உடம்பில் படவே கூடாது, போன தடவை நடந்தது இந்தத் தடவையும் நடக்க வேண்டாம் என்றார்.

அன்று நாத்தனாருக்கு ஒரு யோசனை வந்தது. கோலா கிளாவாங் சீனர் கடையில் காப்பிக்கொட்டை வறுப்பதை அவர் பார்த்திருக்கிறார். தணலுக்கு மேலே ஒரு டிரம்மை வைத்து, கருகாமல் இருக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கொட்டைக்குப் பதில் துணி என்றார். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடம் கெஞ்சி ஒரு பழைய எண்ணெய் டிரம்மை வாங்கி, ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, நடுவில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினார். பின்வாசல் கூரைக்குக் கீழே இரண்டு கவைக் கம்புகளை நட்டு டிரம்மை அதன்மேல் படுக்க வைத்தார். கீழே ஒரு தட்டில், பொதுச் சமையலறையிலிருந்து அள்ளி வந்த தணல். குழாயின் நுனியை வளைத்துக் கைப்பிடி. பிள்ளையின் துணிகளைப் போட்டுச் சுற்றினால் ஆவி பறந்து, கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்து வந்தது. அவனை அந்தச் சூட்டோடு சுற்றிப் படுக்க வைத்தால் முனகாமல் தூங்கினான்.

துணி நன்றாகத்தான் காய்ந்தது. சத்தம்தான் தாங்க முடியவில்லை. இரும்புக் குழாய் கவையில் உரசிக் கிறீச்சிட்டது. போகப் போகக் கவை ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் டிரம் ஏறி டமாரென்று விழுந்தது. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தோம். தணல் சூட்டில் எண்ணெய் புகைந்தது. சாக்குத் துணி சுற்றினோம், அது கருகியது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் டிரம் போட்ட அடி, மழையின் நடுவே காவல் கோபுரத்துக்குத் துப்பாக்கி வெடித்ததுபோலக் கேட்டிருக்கிறது. விசில் ஊதினார்கள். லயத்தில் அத்தனை பேரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். துப்பாக்கியை நீட்டியபடி ஓடி வந்த காவல்காரர்கள் கண்டது, ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் ஆவி பறக்கும் கோவணத் துணியுமாக நின்ற என் நாத்தனாரை. ஒருவன் சிரித்துவிட்டான். பின்னால் வந்த மண்டோர் சிரிக்கவில்லை. "ஏற்கெனவே இந்த வூட்டு மேல ஒரு கண்ணு இருக்கு" என்றார். "இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா, ஒம் புருசன் போன எடத்துக்கே ஒன்னயும் அனுப்பிருவாங்க."

டிரம் நின்றது. மழை நிற்கவில்லை. பிள்ளையின் தொடையெல்லாம் ஈரத்தில் வெந்து சிவந்தது. பிறகு இருமல் வந்தது. பெண் குழந்தைக்கு வந்த அதே இருமல். பூனை முனகுவதுபோல இருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் சேலையை அவிழ்த்து வயிற்றுச் சூட்டோடு அவனை அணைத்து வைத்துக்கொண்டேன். ஆனால் என்னிடம் இருந்த சேலைகளும் ஈரம்தான். நாத்தனார் குசினியில் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முன்சக்கரத்தைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். அது பாட்டுக்குச் சத்தமே இல்லாமல் சுற்றியது. நிற்க வெகு நேரம் ஆயிற்று. அது நிற்கும்வரை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஸ்பானரை எடுத்து வந்தார்.

என் கணவர் பதறிப்போய்த் தடுத்தார். அத்தானுடைய உயிரே அந்தச் சைக்கிள்தான், வந்து கேட்டால் என்ன சொல்லுவாய் என்றார். நாத்தனார் ஸ்பானரைக் கீழே வைக்காமல், "வந்து கேக்கட்டும். வந்தா போதும்" என்றார். என் கணவரும் உட்கார்ந்து நட்டைக் கழற்றினார்.

இரண்டு சக்கரங்களின் டயரையும் உருவிவிட்டு, டிரம்மின் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்றாகக் கம்பியால் கட்டினார்கள். அச்சுகளை மரக் கட்டைகளில் நட்டுப் போட்டு இறுக்கினார்கள். பின்சக்கரத்தின் பல்லில் சங்கிலியை மாட்டி, பெடலைப் பல்சக்கரத்தோடு கழற்றிக் கட்டையில் பொருத்தி அதையே கைப்பிடியாக வைத்தார்கள். நாத்தனார் பெடலைச் சுற்றினார். சக்கரத்துக்குள் இருந்த இரும்பு உருண்டைகளின் மேல் டிரம் வழுக்கிக்கொண்டு போனது. கிட் கிட் என்று சங்கிலியின் பல் மட்டும் மெல்லப் பேசியது. மழைச் சத்தத்தில் அது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் விட்ட எண்ணெய் வீண் போகவில்லை.

மழைக்காலம் முடியும்வரை அந்த டிரம் சுற்றியது. பிள்ளையின் இருமல் குறைந்து, தொடைப் புண் ஆறி, பால் குடிக்கும்போது அவன் என்னை உதைக்க ஆரம்பித்தான். லயத்தில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லாம் தணலும் துணியுமாக வந்தார்கள். அன்றைக்குச் சிரித்த காவல்காரனும் தன் குழந்தையின் துணி மூட்டையைக் கொண்டுவந்து கூச்சத்தோடு நின்றான். சக்கரம் இல்லாத சைக்கிள் கூட்டை நாத்தனார் குசினிச் சுவரில் மாட்டி வைத்தார். அதிலிருந்த மணியை மட்டும் கழற்றி என் பிள்ளையின் தூளிக் கயிற்றில் கட்டினார். அழுதால் அதை அடிப்போம். அவன் அம்மா என்று சொல்வதற்கு முன்னால் டிங் என்றுதான் சொன்னான்.

ஆனால் சைக்கிளைக் கலைத்த நாளிலிருந்து நாத்தனாருக்கு மனசுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கை எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். எடுத்துப் போய் டிரம்மின் அச்சில் விடுவார். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். தானே அந்த மனிதரைத் திரும்பி வராமல் செய்துவிட்டோமோ என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. என் பிள்ளை தவழ்ந்து, எழுந்து, அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஓடத் தொடங்கிவிட்டான். அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் நடந்து வந்தார். பாதி உடம்புதான் திரும்பி வந்திருந்தது. வாசலில் காவல்காரன் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் வந்து, தண்ணீர் குடித்து, குசினிச் சுவரைப் பார்த்தார். சைக்கிள் கூட்டைப் பார்த்தார். பின்வாசலில் கிடந்த டிரம்மைப் பார்த்தார். நாத்தனார் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத அந்த மனுஷி ஒளிந்து நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "என் சைக்கிளு எங்க புள்ள?" என்று அண்ணன் கேட்டார். நாத்தனார் வெளியே வந்து, மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த என் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவருக்கு முன்னால் நிறுத்தினார்.

"இந்தா நிக்கிது. பாத்துக்குங்க."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணவர்தான் மழையையும் டிரம்மையும் இருமலையும் எடுத்துச் சொன்னார். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிள்ளையை மேலும் கீழுமாகப் பார்த்தார். புது வண்டி வாங்குகிறவர் பார்ப்பதுபோல கையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு விரலால் அவன் மூக்கை அழுத்தி, "மணி அடிக்கிதா?" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் மகன் "டிங்" என்றான். அண்ணன் சிரித்தார். லாரி போன நாளிலிருந்து அழாமல் இருந்த நாத்தனார் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அழுகையின் நடுவே அந்த உருண்டையைப் பற்றியும் சொல்லிவிட்டார், தான்தானே கட்டிக் கொடுத்தோம் என்று. அண்ணன் அதற்கு, "ஒரு வா திங்க விட்டுட்டாவது புடிச்சிருக்கலாம்" என்றார்.

அவர் பிறகு சைக்கிளே வாங்கவில்லை. தோட்டத்தை விட்டு ரஹாங்குக்கு வந்த பிறகும் எங்கே போனாலும் நடைதான். ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "இருக்கே ஒண்ணு, ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்பார். பார்க்கும் போதெல்லாம் என் மகனின் மூக்கை அழுத்துவார். இவனுக்கு மீசை முளைத்த பிறகும், கல்யாணப் பந்தலில் மாலையோடு உட்கார்ந்திருந்தபோதும் விடவில்லை. இவனும் ஒரு தடவைகூட டிங் சொல்லாமல் இருந்ததில்லை. அண்ணன் போன பிறகு அந்த விளையாட்டு நின்றுவிட்டது. நாத்தனாருக்கும் எனக்கும் அதைச் செய்ய மனம் வரவில்லை.

டிரையருக்குள் டிரம்மைத் தாங்கும் சின்ன உருளை ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. என் மகன் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, இதுதான் இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் என்றான். தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அந்தக் கவைக் கம்பும் இப்படித்தான் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. சிரம்பானுக்குப் போய் அதே மாதிரி புது உருளை வாங்கி வந்து மாட்டி, முதுகுத் தகட்டை மூடி, பேரனுடைய குழந்தையின் பள்ளிச் சட்டைகளைப் போட்டு பட்டனை அழுத்தினான். டிரம் சுற்றியது. ஓர் அடி இல்லை, ஒரு கிறீச் இல்லை. மருமகள் உள்ளேயிருந்து, ரிப்பேர் ஆகிவிட்டதா, சத்தமே காணோமே என்று கேட்டாள்.

நான் நாத்தனார் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மகன் இன்னும் தரையில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், தலை முழுக்க நரைத்தவன், மூக்கு நுனியில் கறுப்புக் கிரீஸ். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து, அந்தக் கிரீஸின் மேலேயே அவன் மூக்கை அழுத்தினேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சுற்றிக்கொண்டிருந்த டிரம்மைப் பார்த்தான்.

"டிங்" என்றான்.